முன்னோர் நினைவுகளும் நம் அமானிதமும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

ஆண்டறிக்கையை நாம் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்குக்காகவே புரட்டிப் பார்க்கிறோம். ஆனால், ஓர் ஆண்டில் மஹல்லாவில் நடந்த நிகாஹ்களையும், நம்மை விட்டுப் பிரிந்த பெரியோர்களையும் நினைவில் நிறுத்துவதும் இத்தகைய மலர்களின் பணியே. அவ்வகையில், குடும்ப நினைவுகளைக் காப்பது பற்றியும், அதற்குக் கணினியும் கைபேசியும் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது பற்றியும் இவ்விதழில் சிந்திப்பது பொருத்தமாகும்.

வெள்ளம் கொண்டு சென்றவை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் பொருநைக் கரை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் அங்குப் பெய்கின்ற மழையை விட இது அதிகமாகும். தாமிரபரணி கரை புரண்டு ஓடியதில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் தீவு போலத் துண்டிக்கப்பட்டது. அதற்கு முன் 1992 நவம்பரிலும் இதே ஆறு பெருவெள்ளமாகப் பாய்ந்ததைப் பெரியோர்கள் அறிவார்கள்.

வெள்ளம் வடிந்தபின் அரிசியும் ஆடையும் பாத்திரமும் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. ஆனால், பரணிலும் பெட்டியிலும் நனைந்து ஒட்டிப்போன திருமணப் படங்களையும், பாட்டனார் எழுதிய கடிதங்களையும், மை கரைந்த பழைய கணக்கேடுகளையும் எந்த நிவாரணமும் மீட்டுத் தராது. வீட்டைத் திரும்பக் கட்டலாம். ஒரே ஒரு படியாக இருந்த நினைவைத் திரும்பக் கட்ட இயலாது.

பெயரை இழந்த பழைமை

நம் பள்ளத்தாக்கின் வரலாறே இதற்குப் பெரிய சான்றாகும். ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான யாகோர் அவர்களும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அவர்களும் அகழாய்வு நடத்தி முதுமக்கள் தாழிகளை வெளிக்கொணர்ந்தனர். எலும்பு கிடைத்தது, இரும்புக் கருவி கிடைத்தது, பொன் பட்டம் கிடைத்தது. ஆனால், அந்தத் தாழிகளுள் அடங்கிய மனிதருள் ஒருவரின் பெயரைக்கூட இன்று எவராலும் சொல்ல இயலாது. பொருள் எஞ்சியது, பெயர் போயிற்று.

பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கையை ஆற்று வண்டல் கடலிலிருந்து விலக்கிவிட்டது. பின்னர்ப் புகழ்பெற்ற காயல் துறைமுகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அத்துறையும் காலப்போக்கில் தூர்ந்தது. அங்கு வாழ்ந்த வணிகக் குடும்பங்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பயணிகள் எழுதி வைத்ததும், கல்லில் பொறித்து வைத்ததுமே ஆகும். காயல்பட்டினத்தின் பழைய கபுருக் கற்களில் உள்ள அரபு எழுத்துகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதற்குக் காரணம், அவை கல்லாக இருப்பதன்று. அவற்றில் இன்னார் என்ற பெயரும் காலமும் இருப்பதேயாகும்.

அறிவிப்பாளர் வரிசை தரும் பாடம்

நினைவைக் காக்கும் கலை நமக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் (கி.பி. 632) பின் நடந்த யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்திருந்த தோழர்கள் பலர் ஷஹீதானார்கள். உள்ளங்களில் மட்டும் இருப்பது உயிரோடு போய்விடுமே என்று உமர் (ரலி) அவர்கள் கவலை கொண்டார்கள். அவர்களின் ஆலோசனையின்படி அபூபக்கர் (ரலி) அவர்கள் ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு ஓலை மட்டைகளிலும் தோலிலும் கற்பலகைகளிலும் இருந்தவற்றையும், மனனம் செய்தோர் ஓதியவற்றையும் ஒப்பிட்டு ஒன்றுதிரட்டச் செய்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எடுத்து முக்கிய நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே பதிய வேண்டும். எழுத்தையும் வாய்மொழியையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். படிகள் ஒரே ஊரில் இருக்கலாகாது.

ஹதீஸ் கலை நான்காவது பாடத்தையும் தருகிறது. செய்தி எவ்வளவு அழகாக இருப்பினும், அதை யார் யாரிடம் கேட்டார் என்ற இஸ்னாத் இல்லாவிடில் நம் இமாம்கள் அதனை ஆதாரமாகக் கொள்வதில்லை. இறந்தவரின் குரலைப் போலவே கணினி பேசிக் காட்டும் இக்காலத்தில், இல்லாத படத்தை இருப்பது போல வரைந்து தரும் இக்காலத்தில், இவ்விதி முன்பை விட அதிகமாகத் தேவைப்படுகிறது. பெயர் எழுதப்படாத படமும், சொன்னவர் இன்னார் என்று குறிக்கப்படாத செய்தியும் அடுத்த தலைமுறைக்குப் பயன்படா. குடும்ப நினைவைக் காப்பதில் நாம் முதன்மையாக மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

நம் வீடுகளில் உள்ள செல்வங்கள்

'எங்களிடம் காக்கத்தக்கது என்ன இருக்கிறது? நாங்கள் தறி நெய்தவர்கள், பாய் முடைந்தவர்கள், கடை வைத்துப் பிழைத்தவர்கள்தானே!' என்று சிலர் கூறக்கூடும். இது தவறான எண்ணமாகும்.

பத்தமடைப் பாயை எடுத்துக் கொள்வோம். தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்துக் கிழித்து நம் சமுதாயப் பெண்மக்கள் நெய்த அப்பாய்களுள், மணமகன் மணமகள் பெயர்களைச் சேர்த்து நெய்த திருமணப் பாய்கள் தனிச் சிறப்புடையன. எழுத்தறியாதார் மிகுந்திருந்த காலத்திலும் ஒரு குடும்பத்தின் நிகாஹ் இவ்வாறு பாயிலே பதிவாகியுள்ளது. அத்தகைய பாய் எவர் வீட்டிலேனும் இருப்பின் அதுவும் ஓர் ஆவணமே.

அடுத்து, அரபுத் தமிழ் எனப்படும் அர்வி எழுத்து. அரபு எழுத்துகளோடு தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு தமிழகத்திலும் இலங்கையிலும் நம் முன்னோர் தமிழை எழுதினர். தமிழ் நெடுங்கணக்கைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத பெண்கள்கூட, ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே தம் கணவருக்கும் மக்களுக்கும் கடிதம் எழுத இவ்வெழுத்து வழி செய்தது. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட விரிவான ஆங்கில ஆய்வு நூல், தமிழகத்திலும் இலங்கையிலும் அரபு, அர்வி, பாரசீக மொழிகளில் விளைந்த ஆக்கங்களை உலகுக்கு எடுத்துக் காட்டியது. ஆயினும் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கடிதங்களை எந்த நூலும் முழுமையாகப் பட்டியலிட இயலாது. இன்று அர்வியைத் தங்கு தடையின்றி வாசிப்போர் குறைந்து வருகின்றனர். கடிதத்தைப் படம் பிடித்தால் எழுத்து பிழைக்கும். வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்து அக்குரலையும் பதிந்தால்தான் பொருள் பிழைக்கும்.

மூன்றாவதாக, பிழைப்பு தேடிச் சென்றோரின் நினைவுகள். நம் பகுதியினர் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் நோக்கி வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1960களில் பர்மிய அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது மேலும் பலர் கப்பலேறித் திரும்பினர். அந்நாளில் சிறுவராக இருந்தோர் இன்று தள்ளாத முதுமையில் உள்ளனர்.

1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள், தொலைபேசிக் கட்டணம் தாங்காத காரணத்தால் ஒலிநாடாவில் பேசி ஊர் செல்வோர் கையில் கொடுத்தனுப்பியதை நாம் அறிவோம். வாப்பாவின் குரலைக் கேட்க வீடே கேசட் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கும். பின்னர் அதே நாடாவில் பதிலைப் பதிந்து அனுப்பியதால் முந்திய குரல் அழிந்துபோனதும் உண்டு. எஞ்சியிருக்கும் நாடாக்களின் காந்தப் பூச்சும் நாளுக்கு நாள் நலிந்து வருகிறது.

இவை அனைத்திற்கும் மேலாக நிகாஹ் தப்தர்கள் உள்ளன. எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் அரசிடம் பதிவது தமிழகத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. அதற்கு முன் நடந்த எண்ணற்ற நிகாஹ்களுக்குப் பள்ளிவாசல் தப்தரே சான்றாகும். மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர் என அனைத்தும் அடங்கிய அவ்வேடு, வாரிசுரிமைப் பங்கீட்டில் எழும் ஐயங்களைத் தீர்க்க உதவுவதை ஜமாஅத்தின் பொறுப்பிலிருப்போர் நன்கறிவர். அத்தகைய ஏடு ஒரே ஒரு படியாக ஒரே ஓர் அலமாரியில் இருப்பது எவ்வளவு ஆபத்தானது!

பிறர் ஆற்றிய பணிகள்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. அவ்விழப்பை அறிந்த சமூகத்திலிருந்து 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் தோன்றியது. ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினர். முஸ்லிம்களின் வெளியீடுகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ஊர்ச் சங்கங்களின் மலர்களும் அங்கு ஆவணமாக மதிக்கப்படுகின்றன என்பது நாம் கவனிக்கத்தக்கது.

லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய 'அழிவுறும் ஆவணங்கள் திட்டம்', உலகெங்கும் உள்ள ஆவணங்களை மின்வடிவில் படியெடுக்க உதவி வருகிறது. அதன் கீழ்ப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழகத்தின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, குடும்பப் படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் மின்படிகளாக்கினர். மூலத்தை நாட்டை விட்டு எடுத்துச் செல்லலாகாது. படியொன்று அந்நாட்டிலேயே ஒரு நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பன அத்திட்டத்தின் விதிகளாகும்.

சிங்கப்பூர் அரசு 1979இலேயே வாய்மொழி வரலாற்றுப் பிரிவை நிறுவி, முதியோரின் நினைவுகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பதிந்து வருகிறது. நம் கடையநல்லூர், தென்காசி மக்கள் அந்நாட்டில் வேரூன்றிச் சங்கங்கள் கண்டவர்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கப்பெற்றதாகும். நாட்டுப் பிரிவினையின் நினைவுகளைத் திரட்டும் '1947 பிரிவினை ஆவணக் காப்பகம்' என்னும் அமைப்போ, சாதாரண மக்களுக்கே எளிய பயிற்சி தந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரின் சாட்சியங்களைப் படமாக்கியுள்ளது. பட்டம் பெற்ற ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இது சான்று.

கருவியும் நிலையானதன்று

எனினும், 'கணினியில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை' என்று இருந்துவிடலாகாது. ஒரு காலத்தில் நம் இளைஞர்கள் படங்களைக் குவித்து வைத்த ஆர்குட் தளம் 2014இல் மூடப்பட்டது. யாஹூ குழுக்கள் 2020இல் மூடப்பட்டன. மைஸ்பேஸ் தளத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏற்றப்பட்ட பாடல்கள் இடமாற்றத்தின்போது அழிந்துபோனதை அந்நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. திருமண வீடியோ நாடாக்களை ஓட்டும் வி.சி.ஆர். கருவிகளின் கடைசித் தயாரிப்பாளரும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. நம் ஊர்களில் வெள்ளம் பாய்ந்த அதே மாதம்!

மேற்சொன்ன பிரிட்டிஷ் நூலகமே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் மின்தொகுப்புகள் பல மாதங்கள் பார்வைக்குக் கிட்டாமல் போயின. வேறிடத்தில் படி வைத்திருந்தோர்க்கு மட்டுமே அப்போது கவலையில்லை.

தமிழுக்கென்று தனி இடரும் உண்டு. பாமினி, டிஸ்கி, டாம், டாப் எனப் பலவகை எழுத்துருக்களில் முன்பு தட்டச்சு செய்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். 2010இல் தமிழக அரசு யுனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் எவரிடமேனும் இருப்பின் அவற்றை யுனிகோடுக்கு மாற்றி வைத்தல் நலம்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் முதியோரிடம் செல்லுங்கள். காகிதம் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். மூச்சுக்கு உத்தரவாதம் இல்லை. கைபேசியின் ஒலிப்பதிவுக் கருவியே போதுமானது. பதிவின் தொடக்கத்தில் பேசுபவர் பெயர், அவர்தம் தந்தை பெயர், கேட்பவர் பெயர், தேதி, இடம் ஆகியவற்றை உரக்கச் சொல்லுங்கள். 'இதை நீங்கள் நேரில் கண்டீர்களா, யாரேனும் சொல்லிக் கேட்டீர்களா?' என்று தவறாமல் வினவுங்கள். அதுவே அப்பதிவின் இஸ்னாத் ஆகும்.

2. பழைய படங்களைப் பெரியோர் முன் வைத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம்; பேனா மை ஊடுருவி முகத்தைக் கெடுக்கும்.

3. கடிதங்களையும் தப்தர்களையும் 300 புள்ளி அடர்த்தியிலும், சிறு படங்களை 600 புள்ளி அடர்த்தியிலும் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும்; 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள்.

4. கேசட் பெட்டியின் ஒலி வெளியீட்டைக் கணினியுடன் இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் கொண்டு பழைய நாடாக்களை மின்வடிவில் மாற்றலாம்.

5. ஆண்டையும் ஊரையும் தெளிவாகக் குறியுங்கள். நம் பகுதிப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். அதனோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100, ஹிஜ்ரி 1343, கி.பி. 1924-25 ஆகியன ஏறத்தாழ ஒரே ஆண்டேயாகும். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தமையால், பழைய முகவரியில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றிருப்பது இன்று வேறு மாவட்டமாக இருக்கலாம்.

6. மூன்று படிகள் வையுங்கள். அவற்றை இரண்டு வகைக் கருவிகளில் வையுங்கள். ஒன்றை வேற்றூரில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் ஒன்று வீட்டில், இணையச் சேமிப்பில் ஒன்று, துபாயிலோ சென்னையிலோ உள்ள மகனிடம் ஒன்று என்றால் எந்த வெள்ளமும் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகாது. ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பதும் அவசியம்.

7. நனைந்த படங்களை வெயிலில் காயவைக்காதீர்கள். ஒட்டியவற்றைப் பிய்த்தெடுக்காமல் தூய நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரித்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

8. மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள். படி எடுத்தது மூலத்தைக் காப்பதற்கே. அதற்கு மாற்றாக அன்று.

பேண வேண்டிய வரம்புகள்

நினைவைக் காப்பதற்கும் பிறர் மானத்தைக் காப்பதற்கும் முரண்பாடு நேரலாகாது. குடும்பப் பெண்களின் படங்களும் தனிப்பட்ட கடிதங்களும் அமானிதமாகும். குடும்பத்தார் அனுமதியின்றி அவற்றைப் பொதுவில் பரப்புவது கூடாது. மறைந்தவரின் குறைகளைத் தோண்டி எடுப்பது வரலாறு ஆகாது. உருவப்படம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. படத்தை விரும்பாத குடும்பத்தார் குரலையும் எழுத்தையும் காக்கலாமே!

வஸிய்யத் எழுதுவோர் வீடு, நிலத்தோடு இதனையும் சேர்க்க வேண்டும். கைபேசியின் கடவுச்சொல் தெரியாமல், மறைந்தவரின் கடைசிப் படங்களைக்கூடக் காண இயலாது தவிக்கும் குடும்பங்கள் இன்று பெருகி வருகின்றன. தமக்குப்பின் கணக்கைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியை கூகுளும் ஆப்பிளும் தருகின்றன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவும் வசனமே திருமறையின் மிக நீளமான வசனம் என்பதை நினைவில் கொள்வோருக்கு, எழுதி வைப்பதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஜமாஅத் பெருமக்களே! மக்தப் மதரஸாவின் கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ ஒரு மணி நேரம் அமர்ந்து பதிவு செய்தால், ஒரே கோடையில் நம் மஹல்லாவின் வரலாறு உருவாகிவிடும். நிகாஹ் தப்தர்களைப் படியெடுக்கும் பணியை நிர்வாகக் கமிட்டியார் இவ்வாண்டிலேயே மேற்கொள்ள வேண்டும் என்றும், கணினி அறிந்த இளைஞர்கள் அதற்குத் தோள் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நமக்குப் பின் வருவோர் நம் படத்தைக் கையிலெடுத்து 'இவர் யாரோ' என்று கேட்கும் நிலை வராதிருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து அவர்களின் கபுருகளை ஒளிமயமாக்குவானாக! அவர்கள் விட்டுச் சென்ற நற்பெயரைக் காத்து நம் சந்ததியரிடம் ஒப்படைக்கும் பாக்கியத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.